கம்பெனிக் கொள்கைக்கு உரைகல்

இந்நாளில் நகரத்திலுள்ள பெரிய கம்பெனி ஒன்றின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே செல்வோர், வரவேற்பு மண்டபத்தின் சுவரிலே அழகிய எழுத்துக்களால் பொறிக்கப்பட்ட பலகையொன்றைக் காணாமல் திரும்புவது அரிது. நேர்மை, மரியாதை, மேன்மை, வாடிக்கைக்காரர் நலம் என்று நான்கு அல்லது ஐந்து சொற்கள் அதில் விளங்கும். இவையே எங்கள் ஸ்தாபனத்தின் மூலக் கொள்கைகள் என்று அதன் கீழே எழுதியிருக்கும். இப்பலகையைக் கண்டு நகைப்பவர் பலர், மெச்சுகிறவர் சிலர், அதைப் படியாமலே நாள்தோறும் அதன் எதிரே நடந்து வேலைக்குப் போகிறவரோ மிகப் பலர். அப்பலகைக்கும் அக்கட்டிடத்தினுள் நடைபெறும் காரியங்களுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்பதை அறியும் வழி யாது என்பதை இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

இது முதலாளிகளின் வீட்டு விஷயமாயிற்றே, தேச காரியங்களைக் கவனிப்போருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். அக்கறை பெரிதும் உண்டு. நம் வாலிபர்களில் படித்தவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கம்பெனிகளுக்குள்ளேயே கழிக்கிறார்கள். நாம் உண்ணும் மருந்து, ஏறும் வாகனம், சேமிக்கும் பணம், பேசும் டெலிபோன் ஆகிய யாவும் கம்பெனிகளின் கையைக் கடந்தே நம்மிடம் வருகின்றன. மந்திரி ஒருவர் வாக்குத் தவறினால் மேடை போட்டுக் கண்டிக்கிறோம். தேர்தல் வந்தால் ஓட்டுச் சீட்டினால் தண்டிக்கவும் செய்கிறோம். மந்திரிகளுக்குக் குறையாமல் நம் அன்றாட வாழ்வை ஆளும் ஸ்தாபனங்கள் தங்கள் வாக்கைக் காக்கின்றனவா என்று கேட்கும் வழக்கம் மாத்திரம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அவ்வழக்கம் உண்டாக வேண்டுமானால், எதைக் கேட்பது, எதைக் கொண்டு அளப்பது என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

நம்முடைய அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லி விடுகிறோம். ஒரு கம்பெனி எதன் பொருட்டு நஷ்டமடையச் சம்மதிக்கிறதோ, அதுவே அதன் கொள்கை. லாபம் வரும்போது நேர்மையாயிருப்பது எவர்க்கும் எளிது. நேர்மையினால் ஓர் ஒப்பந்தம் கைநழுவிப் போகும் நாளில், கைநழுவினாலும் போகட்டும் என்று சொல்லும் திராணி அந்த ஸ்தாபனத்துக்கு உண்டா? அப்படிச் சொன்ன சிப்பந்தியை மேலதிகாரிகள் மெச்சுவார்களா, மெல்ல ஒதுக்கி வைப்பார்களா? பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவது போல, கொள்கையின் மாற்றை நஷ்டமே காட்டுகிறது.

பலகைச் சொற்களின் விலை என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்திலிருந்த என்ரான் கம்பெனி, மரியாதை, நாணயம், கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்னும் நான்கையும் தன் கொள்கைகளாக 2000-ஆம் வருஷத்து அறிக்கையில் அச்சிட்டிருந்தது. 2001 டிசம்பர் 2-ந் தேதி அது திவாலாயிற்று. கடன்களைக் கணக்குக்கு வெளியே ஒளித்து வைத்து, இல்லாத லாபத்தை இருப்பதாகக் காட்டி வந்தது அதன் பின்னரே முற்றிலும் வெளிப்பட்டது. தங்கள் ஓய்வுகாலச் சேமிப்பைக் கம்பெனியின் பங்குகளிலேயே போட்டு வைத்திருந்த சிப்பந்திகள் வேலையையும் சேமிப்பையும் ஒருங்கே இழந்து நின்றனர்.

நம் நாட்டுக் கதை இதற்குச் சளைத்ததன்று. ஹைதராபாத்திலிருந்த அந்தக் கம்பெனியின் பெயரே சத்யம். நல்ல நிர்வாகத்துக்கென்று ஏற்பட்ட தங்க மயில் விருது 2008-ஆம் வருஷத்தில் அதற்கு வழங்கப்பட்டது. சில மாதங்களில், 2009 ஜனவரி 7-ந் தேதி, அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் பாங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதில் தாமே ஒப்புக்கொண்டார். புலியின் மேலேறிச் சவாரி செய்தவன், அதற்கு இரையாகாமல் இறங்கும் வழி அறியாமல் தவிப்பது போன்றது தம் நிலைமை என்றும் எழுதினார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னே, அக்குடும்பத்தாரின் வேறு இரண்டு கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தால் வாங்குவதற்கு டைரக்டர்கள் சம்மதித்திருந்தனர். அவர்களுள் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்களும் இருந்தார்கள். பங்குதாரர்கள் கொதித்தெழுந்ததனாலேயே அந்த ஏற்பாடு ஓரிரவுக்குள் கைவிடப்பட்டது. பெயரிலே சத்தியம், சுவரிலே விருது, சபையிலே மேதைகள்; இத்தனையும் இருந்தும் பெட்டியில் பணமில்லை.

நல்ல சொற்களை எழுதி வைத்ததனால் இக்கம்பெனிகள் கெட்டன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அச்சொற்களால் ஒரு தீங்கு நேர்ந்தது. நல்லவர்கள் ஐயுறத் தயங்கினார்கள். கொள்கைப் பலகையைத் திரையாகக் கொண்டு அதன் பின்னே களவு நடக்குமானால், பலகையில்லாத கடையே மேல். அங்கே வாங்குகிறவன் எச்சரிக்கையோடாவது நாணயத்தை எண்ணிக் கொடுப்பான்.

இங்கே வேறொரு ஆட்சேபம் எழும். "கம்பெனி என்பது லாபத்துக்காக ஏற்பட்டது, சட்டத்தை மீறாமல் லாபம் சம்பாதித்துப் பங்குதாரருக்குக் கொடுத்தால் அதன் கடமை தீர்ந்தது, தர்மோபதேசம் கோயிலுக்கு உரியது" என்பார்கள். இதைச் சொல்வோரில் யோக்கியமானவர்களும் உண்டாதலால் மறுமொழி கூற வேண்டியதே. தனி வியாபாரி கடன்பட்டால் அவன் வீடும் நிலமும் ஏலத்துக்கு வரும். கம்பெனி கடன்பட்டால், பங்குதாரர் தாம் போட்ட பணத்துக்கு மேல் ஒரு காசும் இழக்க வேண்டியதில்லை. 1857-ஆம் வருஷத்துச் சட்டம் முதற்கொண்டு நம் நாட்டில் வழங்கி வரும் இந்தச் சலுகையை அளித்தது யார்? ஜனசமூகமே சட்டத்தின் மூலம் அளித்தது. சலுகை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. நம்முடைய 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 166-வது பிரிவும், டைரக்டர்கள் பங்குதாரரின் நன்மையோடு சிப்பந்திகள், சமூகம், சுற்றுப்புறம் ஆகியவற்றின் நன்மையையும் கருதி நடக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே தர்மம் கோயிலுக்கு மட்டுமே உரியது என்னும் வாதம் சட்டத்தின் முன்னும் நில்லாது.

இனி, தமிழர் மறக்கலாகாத ஒரு கம்பெனியின் சரித்திரத்தைப் பார்ப்போம். தூத்துக்குடியில் 1906 அக்டோபர் 16-ந் தேதி ரிஜிஸ்தர் செய்யப்பட்ட சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதை வீர சரித்திரமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். கொள்கையை ஒரு கம்பெனிக்குள் நிலைநாட்டுவது எப்படி, அது நிலைபெறாமற் போவது எதனால் என்னும் இரண்டுக்கும் அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்பதை மேடைகளில் அதிகமாகக் கேட்டதில்லை.

அக்கம்பெனியின் மூலதனம் 10 லக்ஷம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். உதவிக் காரியதரிசி என்னும் சிறிய பட்டத்தோடு அதன் உயிராய் விளங்கியவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் பெருந்தொகை கொடுத்துத் தாங்கினார். கப்பலோட்டும் தொழிலை இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஏனைய ஆசியருக்கும் பழக்குதல், அதற்குரிய பாடசாலைகளையும் கப்பல் கட்டும் துறைகளையும் ஏற்படுத்துதல் ஆகியவை கம்பெனியின் நோக்கங்களாக எழுதப்பட்டன. பங்குகளை ஆசியர் தவிர வேறெவருக்கும் விற்பதில்லை என்றும் விதி செய்யப்பட்டது.

இந்தக் கடைசி விதியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். சுதேசியம் எங்கள் கொள்கை என்று சுவரில் எழுதிவிட்டு, பணம் யார் கொடுத்தாலும் பங்கு கொடுப்போம் என்று அவர்கள் இருந்திருக்கலாம். அக்காலத்தில் இந்நாட்டில் பெருமூலதனம் வெள்ளையர் கையிலேயே மிகுந்திருந்தது. அந்தக் கதவை அவர்கள் தாமே சாத்தினார்கள். கொள்கையைப் பேச்சில் விடாமல் பங்குவிதியில் கொண்டுபோய்ப் பூட்டியதனால், தொடக்கத்திலேயே அதற்கு ஒரு விலை கொடுக்கச் சித்தமானார்கள். கம்பெனி தொடங்குவோர் அனைவரும் கற்க வேண்டிய முதற் பாடம் இது. கொள்கை விதியாக வேண்டும். அவ்விதி கம்பெனியின் பெட்டியைத் தொட வேண்டும்.

சோதனை விரைவிலேயே வந்தது. முதலில் பம்பாயிலுள்ள ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினார்கள். போட்டிக் கம்பெனியாகிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாரின் நெருக்குதலால் அக்கப்பல்கள் கிடைக்காமற் போயின. சொந்தக் கப்பல் வாங்குவதே வழி என்று சிதம்பரம் பிள்ளை வடக்கே சென்று முயன்றதன் பயனாக, 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பின்னர்ப் பிரயாணக் கூலிப் போர் மூண்டது. போட்டிக் கம்பெனியார் கொழும்புக் கூலியை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினார்கள். அவர்களோ கூலியே வேண்டாம், ஏறினவனுக்குக் குடையும் இனாம் என்றார்கள். அப்போதும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஜனங்கள் இருந்தார்கள் என்பது நம் மரபுக்கே பெருமை. ஒரு கம்பெனியின் கொள்கை உண்மையானதாயிருந்தால், அதன் வாடிக்கைக்காரரும் அந்தக் கொள்கைக்காகத் தம் பங்குக்குச் சிறிது நஷ்டப்படுவார்கள் என்னும் இரண்டாம் பாடத்தை அப்பிரயாணிகள் புகட்டினார்கள்.

1908 பிப்ரவரி 27-ந் தேதி, ஹார்வி கம்பெனியாரின் நிர்வாகத்திலிருந்த கோரல் மில்லின் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஒரு கம்பெனியைத் தாங்கி நடத்தும் மனிதர், அதிகாரிகளின் கோபத்துக்கு அஞ்சி, அயல் மில்லின் சண்டை நமக்கெதற்கு என்று இருந்திருக்கலாம். சிதம்பரம் பிள்ளை தொழிலாளர் பக்கம் நின்றார். மில் நிர்வாகம் இணங்கி வந்து கூலியை உயர்த்தியது. மார்ச் 12-ந் தேதி அவர் கைது செய்யப்பட்டார். ஜூலை 7-ந் தேதி செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே இரண்டு ஆயுட்காலத் தீவாந்தர சிக்ஷைகள் விதித்தார். மேல் விசாரணையில் தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே அது கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல் ஒன்று போட்டியாளரின் கைக்கே போயிற்று என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் வருந்திக் கூறுகின்றனர்.

இந்த முடிவுக்கு முதற் காரணம் அன்னிய சர்க்காரின் அடக்குமுறையே, அதில் ஐயமில்லை. அந்நாளைய பங்குதாரரை இன்று சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொண்டு தூற்றுவது தகாது. ஆனால் நமக்குப் பாடம் வேண்டுமாதலால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொள்கை விதியில் இருந்தது; ஜனங்கள் நெஞ்சிலும் இருந்தது; கம்பெனியை நடத்துவதற்கு எஞ்சியிருந்தவர்களுள் அதைச் சுமக்கும் தோள்கள் போதிய அளவு இல்லை. ஒரு மனிதரைச் சிறைக்குள் தள்ளியவுடனே கம்பெனியும் தளர்ந்தது. பங்கு வாங்குவது யார் என்பதற்கு விதி செய்தவர்கள், கடைசியில் கப்பலை வாங்குவது யார் என்பதற்கும் ஒரு விதி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. தலைவர் ஒருவருடைய மனச்சாட்சியில் மட்டும் குடியிருக்கும் கொள்கை, அவர் போகும் போது அவரோடு போய்விடும். இது மூன்றாம் பாடம்.

தலைவர் மாறினாலும் கொள்கை நிற்பதற்கு வழியில்லையோ எனின், உண்டு என்பதற்கும், அதுவும் நித்தியமன்று என்பதற்கும் ஒரே அமெரிக்கக் கம்பெனியின் வரலாறே சான்றாகிறது. ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியின் தலைவர் ராபர்ட் உட் ஜான்ஸன் 1943-ல் ஒரு பிரமாணம் எழுதினார். கம்பெனியின் முதற் கடமை மருந்தை உபயோகிப்போருக்கும் வைத்தியருக்கும். பின்பு சிப்பந்திகளுக்கும் சமூகத்துக்கும். எல்லோருக்கும் கடைசியிலேயே பங்குதாரருக்கு என்று அதில் வரிசை வகுத்தார். வரிசை வகுத்ததே அதன் சிறப்பு. எல்லாக் கடமைகளும் சமமென்று எழுதுகிறவன், நெருக்கடியில் தனக்குச் சௌகரியமானதைப் பொறுக்கிக் கொள்வான். 1970-களில் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் பர்க், தம் நிர்வாகிகளைக் கூட்டி, "இதில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா? இல்லையானால் சுவரிலிருந்து கழற்றி விடுவோம்" என்னும் கருத்துப்படக் கேட்டு, பல கூட்டங்களில் விவாதிக்கச் செய்தார்.

1982-ல் சிகாகோ பிரதேசத்தில் எவனோ ஒரு பாதகன் அக்கம்பெனியின் டைலினால் என்னும் வலி மாத்திரைக் குப்பிகளில் ஸயனைடு விஷத்தைக் கலந்து வைத்ததனால் ஏழு பேர் மாண்டனர். குற்றம் கம்பெனியினுடையதன்று. ஆயினும் நாடெங்குமிருந்த சுமார் 3 கோடியே 10 லக்ஷம் குப்பிகளை அது திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தை ஏற்றது. பிரமாணத்தை முன்பே விவாதித்துப் பழகியிருந்த நிர்வாகிகளுக்கு, எதை முதலில் காப்பது என்பதைப் பற்றிய குழப்பம் இருக்கவில்லை.

இந்தப் புகழ்க் கதையோடு நிறுத்திவிடுவது உண்மைக்குத் துரோகமாகும். அதே கம்பெனியின் குழந்தைப் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததென்றும், அதனால் புற்று நோய் கண்டதென்றும் பல்லாயிரம் பேர் பிற்காலத்தில் வழக்குத் தொடுத்தனர். கம்பெனி அதை மறுத்தது. எனினும் டால்க் கலந்த அப்பவுடரை 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தி, 2023-ல் உலகெங்கும் நிறுத்திற்று. 2021-ல் வழக்குகளின் பொறுப்பைச் சுமப்பதற்கென்றே தனிக் கம்பெனி ஒன்றை உண்டாக்கி, அதைத் திவால் கோர்ட்டுக்கு அனுப்பிற்று. மேல் கோர்ட்டார் 2023-ல் அந்த வழியை அடைத்தார்கள். வழக்குகளின் நியாய அநியாயத்தை நாம் இங்கே தீர்மானிக்கவில்லை. உபயோகிப்போரே முதல்வர் என்ற பிரமாணம், அவர்களே வாதிகளாக வந்து நின்றபோது எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கிறோம். முன்னோர் காத்த கொள்கை பின்னோருக்குச் சொத்தாக வந்து சேராது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

தொழிலாளர் விஷயத்தில் டாட்டா இரும்புக் கம்பெனியார் 1912-லேயே எட்டு மணி நேர வேலையையும், 1920-ல் பிராவிடண்டு பண்டையும் ஏற்படுத்தினார்கள். நாற்பத்தெட்டு மணி நேர வாரத்தைச் சட்டம் ஏற்க 1940-களின் பிற்பகுதி வரையிலும், பிராவிடண்டு பண்டுச் சட்டம் வர 1952 வரையிலும் ஆயிற்று. சட்டத்துக்கு முன்னே நடந்த கம்பெனியை மெச்ச வேண்டியதே. ஆயினும் அதே ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928 ஆகிய வருஷங்களில் பெரிய வேலை நிறுத்தங்கள் நடந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நல்லெண்ணமுள்ள முதலாளிக்கும் கேள்வி கேட்கும் தொழிலாளி தேவை. கேட்பாரில்லாத தர்மம் நாளடைவில் தயவாகச் சுருங்கிவிடும்.

இவ்வளவும் தலைமைப் பீடத்தில் இருப்போரைப் பற்றியது. உண்மையில் கம்பெனியின் கொள்கையைத் தெருவில் சுமப்பவன் சிறிய உத்தியோகஸ்தனே. இந்தியன் ஆயில் ஸ்தாபனத்தின் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் வேலை பார்த்த மஞ்சுநாத் சண்முகம், கலப்பட எண்ணெய் விற்ற பம்பைச் சீல் வைத்தார். அதைத் திரும்பச் சோதிக்கச் சென்ற போது 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. கொலையாளிகளின் தண்டனையை 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. தலைநகரத்தில் குளிர்ந்த அறையில் எழுதப்படும் நேர்மை என்னும் சொல்லுக்கு, வெயிலில் நிற்கும் ஒரு வாலிபன் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவனை அனுப்புகிறவர்கள் அவனுக்குத் துணையாக யாரை அனுப்புகிறார்கள், அவன் அபாயத்தைத் தெரிவித்தால் அதைக் கேட்கும் செவி எங்கே இருக்கிறது என்பவையும் கொள்கையைச் சேர்ந்த கேள்விகளே.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, கொள்கைகள் சிலவாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் ஒரு மறுப்பாக எழுதப்படட்டும். நேர்மை என்றெழுதினால் யாவரும் தலையசைப்பர். லஞ்சம் கொடுத்து ஒப்பந்தம் பெறமாட்டோம். அதனால் ஒப்பந்தம் போனால் எந்தச் சிப்பந்திக்கும் சம்பளமோ பதவி உயர்வோ குறையாது என்றெழுதினால் அது வேறு காரியம். இவ்வாறு எழுதுவதை விளம்பர நிபுணரிடம் கூலிக்கு விடலாகாது. டைரக்டர் முதல் மேஸ்திரி வரையில், குமாஸ்தா முதல் காவற்காரன் வரையில், யாவரும் கூடி, கடந்த காலத்தில் நாம் எங்கே தவறினோம் என்று மனம் விட்டுப் பேசிய பின்னரே எழுத வேண்டும்.

இரண்டாவதாக, சம்பளமும் பதவியும் எதற்குக் கொடுக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ பாங்கி, வாடிக்கைக்காரர் நலத்தைப் பற்றி அழகாகவே எழுதி வைத்திருந்தது. ஆனால் கீழ்ச் சிப்பந்திகள் ஒவ்வொருவரும் இத்தனை கணக்குகள் திறந்தாக வேண்டும் என்று அளவு விதித்தது. அளவை எட்டமாட்டாதவர்கள் வாடிக்கைக்காரர் அறியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் இது அம்பலமான போது இருபது லக்ஷம் வரையில் இத்தகைய கணக்குகள் சொல்லப்பட்டன, 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 சிப்பந்திகள் வேலையிழந்திருந்தனர். பலகை ஒன்று சொல்ல, சம்பளச் சீட்டு வேறொன்று சொன்னால், சிப்பந்தி சம்பளச் சீட்டையே நம்புவான். அவனைக் குறை கூறுமுன் அந்த அளவை விதித்தவர்களை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவதாக, எளியவரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சிறு பட்டறை வைத்திருப்போர், பெரிய கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது ஊரறிந்த விஷயம். சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும், தவறினால் ரிஸர்வ் பாங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று அஞ்சி, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறைக்காரர் மௌனமாயிருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் யோக்கியதையை அறிய விரும்புவோர் அதன் ஆண்டறிக்கையைப் படிப்பதற்கு முன், அதற்குத் திருகாணி செய்து கொடுப்பவனிடம் போய்க் கேட்கட்டும்.

நான்காவதாக, முறையிடும் வழி திறந்திருக்க வேண்டும். பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்ற கம்பெனிகள் குற்றங்களைத் தெரிவிப்பதற்கு ஒரு வழி ஏற்படுத்த வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், பெண்களின் முறையீட்டைக் கேட்கக் கமிட்டி இருக்க வேண்டும் என்பதும் அதே வருஷத்து வேறொரு சட்டம். கமிட்டியின் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்குவது போதாது. முறையிட்டவர் பின்பு அந்த ஸ்தாபனத்தில் நிம்மதியாக வேலை பார்க்கிறாரா என்பதே கேள்வி. மிகுந்த லாபம் சம்பாதித்துத் தரும் அதிகாரி ஒருவர் தவறு செய்கிறார். அவரை விலக்கினால் கம்பெனிக்குப் பெருநஷ்டம். அந்த நாளில் செய்யப்படும் தீர்மானத்தை ஆயிரம் சிப்பந்திகள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியின் கொள்கை எது என்பதை அன்றுதான் அவர்கள் அறிகிறார்கள்; அதன் பிறகு எத்தனை பிரசங்கம் செய்தாலும் அந்த அபிப்பிராயம் மாறாது.

வாசகர்களில் பலர் தொழிற் சங்கங்களில் உழைப்பவர்கள், சிலர் பங்குதாரர்கள், கூட்டுறவு ஸ்தாபனங்களையும் சிறு கம்பெனிகளையும் தொடங்க எண்ணியிருப்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கத்தார் கூலி உயர்வுக்கு மனுக் கொடுக்கும் போதே, கம்பெனி எழுதி வைத்துள்ள கொள்கைகளையும் கையில் ஏந்திச் சென்று, இதற்கு இவ்வருஷம் நீங்கள் கொடுத்த விலை என்ன என்று கேட்கட்டும். பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்தில் எவ்வளவு லாபம் என்று கேட்பதோடு நில்லாமல், எந்த லாபத்தை வேண்டாமென்றீர்கள் என்றும் கேட்கட்டும். இக்கேள்வியை நூறு பேர் கேட்கத் தொடங்கினால், மறுமொழி இல்லாதவர்கள் நாணமடைவார்கள். மறுமொழி உள்ளவர்களுக்கு உற்சாகம் பிறக்கும்.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் தூத்துக்குடியை நினைக்கட்டும். கொள்கையைப் பங்கு விதியிலேயே பூட்டி வைக்கும் உறுதியை அந்தப் பெரியோர்களிடமிருந்து கற்கட்டும். கூடவே, தம்மைப் போன்ற பத்துப் பேரை அருகிலே ஆளாக்கி வைக்கவும் தவறாதிருக்கட்டும். கப்பல் கடலை எட்டுவதற்கு ஒரு வீரர் போதும். அவர் கரையில் இல்லாத நாளிலும் அது அன்னியர் துறைக்குத் திரும்பாமலிருக்க, சுக்கான் பிடிக்கும் கைகள் பல வேண்டும்.